துளைத்தலும் புகுதலும்

மலேரியாக் கிருமி சிவப்பணுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்கிறது என்று எழுதுவது தமிழில் பழகிப்போன ஒரு வாக்கியம். சற்று மிடுக்காக எழுத விரும்புகிறவர்கள் 'படையெடுக்கிறது' என்பார்கள். 'தாக்குகிறது', 'ஊடுருவுகிறது' என்பவையும் உண்டு. இவற்றுள் எதுவும் அங்கே நடப்பதைச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் கட்சி. வினைச்சொல்லில் நேர்ந்த பிழை வெறும் சொற்பிழையாக நின்றுவிடுவதில்லை. மலைக்குப் பிழைக்கப் போய்க் காய்ச்சலில் மாண்ட நம் முன்னோரைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தையும், அந்நோயைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நாம் தரும் விடையையும் அது கோணலாக்கிவிடுகிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இரத்த அணுவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வினைச்சொல்லைப் பற்றிக் கவலைப்பட வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் மறுமொழி.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் மாணவர்களும் பகுதி ஒன்றில் தமிழ் படித்தாக வேண்டும். பலர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். அவர்களுக்கு நான் தரும் பயிற்சி ஒன்று உண்டு. தங்கள் துறையில் படித்த ஒரு செய்தியை, ஆங்கிலக் கலைச்சொல் அறியாத தம் பாட்டிக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். மலேரியாவை எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் 'துளைத்து' என்றே எழுதியிருந்தார்கள். அவற்றை நான் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஓட்ட போட்டு உள்ள போனா அணு உடைஞ்சிறாதா? உடைஞ்சா அப்புறம் அது எங்க போய்த் தங்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி முற்றிலும் சரியானது. சிவப்பணு என்பது மெல்லிய சவ்வுக்குள் கட்டப்பட்ட ஒரு பொதி. உண்மையில் அதைத் துளைத்தால் உள்ளிருப்பது வெளியே கொட்டிவிடும். குடியிருக்க வந்தவன் வீட்டை இடித்துக்கொண்டு நுழைவதில்லை.

அப்படியானால் என்னதான் நடக்கிறது?

கொசு கடித்தவுடன் கிருமி நேரே சிவப்பணுவுக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குச் செல்கிறது. அங்கே சில நாட்கள் மறைந்திருந்து பல்லாயிரமாகப் பெருகி, பிறகு குருதியில் இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் வடிவத்தை மெரோசோயிட் என்பார்கள். நாம் சேய்க்கிருமி என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணுவின் குறுக்களவோ ஏழெட்டு மைக்ரான். சேய்க்கிருமியின் உருவம் பேரிக்காயைப் போன்றது. ஒரு முனை குறுகியிருக்கும். புகுவதற்கான கருவிகள் யாவும் அம்முனையில் சிறுசிறு பைகளில் அடைக்கப்பட்டிருக்கும். குருதியில் தனித்து அலையும்போது அதன் ஆற்றல் சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் ஒரு சிவப்பணு கிடைக்க வேண்டும். எதிர்ப்பொருள்கள் மிதக்கும் குருதியில் அது திறந்த வெளியில் நிற்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் உடலின் பல அணுக்கள் வெளியிலிருந்து வருவதைத் தாமே விழுங்கி உள்ளிழுத்துக்கொள்ள வல்லவை. முதிர்ந்த சிவப்பணுவுக்கு அது தெரியாது. அதற்கு உட்கருவே கிடையாது. உயிர்க்காற்றைச் சுமப்பதற்காக மற்றெல்லாவற்றையும் துறந்துவிட்ட துறவி அது. ஆகவே வாசலைத் திறப்பது, உள்ளே செல்வது, பின்னால் கதவை மூடுவது ஆகிய எல்லா வேலையையும் கிருமியேதான் செய்தாக வேண்டும்.

முதலில் அது எந்தப் பக்கமாகவேனும் அணுவின்மேல் ஒட்டுகிறது. தொட்ட இடத்தில் சவ்வு அலைபோல் நெளிகிறது. அந்த நெளிவினூடே கிருமி புரண்டு, குறுகிய முனை சவ்வை நோக்கும்படி தன்னைத் திருப்பிக்கொள்கிறது. பிறகு பைகளிலிருந்து புரதங்கள் வெளிவருகின்றன. அவை அணுவின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பற்றுகின்றன. இந்த அடையாளம் பொருந்தினால்தான் அடுத்த படி.

அடுத்த படி வியப்பூட்டுவது. கிருமி தன்னிடமிருந்து ஒரு புரதத் தொகுதியைச் சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்தி நாட்டுகிறது. பின்பு தன் மேற்பரப்பிலுள்ள வேறொரு புரதத்தால் அதையே பற்றிக்கொள்கிறது. அயலான் வீட்டுக் கதவில் தன் கைப்பிடியைத் தானே பொருத்தி, அதைப் பிடித்து நுழைகிற வித்தை இது. அந்தப் பிடிப்பு கிருமியைச் சுற்றி ஒரு வளையமாகிறது. நம் தசைகளை இயக்குகின்ற ஆக்டின், மயோசின் வகைப் புரதங்களைக் கொண்டு கிருமி தன்னை முன்னே இழுக்க, வளையம் முனையிலிருந்து வால்வரை பின்னோக்கி நகர்கிறது. சவ்வு கிழியாமல் உட்குழிந்துகொண்டே போகிறது. கடைசியில் பின்புறம் பை வாய் சுருங்குவதுபோல் மூடிக்கொள்கிறது. உள்ளே சென்ற கிருமியைச் சுற்றி இப்போது ஓர் உறை இருக்கிறது. அதன் பெரும்பகுதி அணுவின் சவ்விலிருந்தே வந்தது. விருந்தினனாக வந்தவன் வீட்டுக்காரனின் வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்று சொல்லலாம்.

இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சிவப்பணு சில நிமிடங்கள் முட்கள் முளைத்தாற்போல் சுருங்கி, பின் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இரண்டு நாளில் உள்ளே பத்திருபது சேய்க்கிருமிகள் தோன்றும். அணு உண்மையில் உடைவது அப்போதுதான். எண்ணற்ற அணுக்கள் ஒரே நேரத்தில் உடைவதால்தான் குளிரும் நடுக்கமும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வருகின்றன. முறைக்காய்ச்சல், முறைச்சுரம் என்று நம் வைத்திய மரபு இட்ட பெயரில் இருக்கும் கூர்மையை இங்கே கவனிக்க வேண்டும். அக்காலத்தில் உருப்பெருக்கி இல்லை. ஆனாலும் நோயின் தாளத்தைப் பெயரில் பிடித்துவிட்டார்கள்.

ஆக, உடைப்பு நிகழ்வது வெளியேறும்போது. நுழையும்போது நிகழ்வது புகுதல். தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கவே செய்கிறது. புகுதல், குடிபுகுதல். கிருகப்பிரவேசத்துக்குப் 'புதுமனை புகுவிழா' என்று அச்சிடும் நாம், இந்தக் குடிபுகுதலுக்கு மட்டும் துளைப்பானைத் தேடிப் போனது ஏன் என்று தெரியவில்லை.

*

இந்த அறிவு கிட்டிய வரலாற்றில் நம் நாட்டுக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு. ரொனால்ட் ராஸ் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதும், அதைப் பற்றிக் கவிதை எழுதியதும் பலர் அறிந்தவை. அதே ஆண்டின் முற்பகுதியில் ஊட்டிக்கு அருகேயுள்ள சீகூர்ப் பகுதிக்கு மலேரியாவை ஆராயச் சென்றவர், தாமே அக்காய்ச்சலில் படுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ராஸ் கண்டது கொசுவுக்குள் நிகழ்வதை. சிவப்பணுவின் வாசலில் நிகழ்வதைக் காண மேலும் முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. 1932-இல் கல்கத்தாவில் ராபர்ட் நோல்ஸ் என்பவரும் பிரஜ் மோகன் தாஸ் குப்தா என்ற வங்காளி அறிஞரும் குரங்கின் குருதியில் இருந்த ஒரு மலேரியாக் கிருமியை ஆராய்ந்து, அது மனிதருக்கும் தொற்றக்கூடும் என்று காட்டினார்கள். நோல்ஸின் பெயரால் அது பிளாஸ்மோடியம் நோலெசி ஆயிற்று. (உடன் உழைத்த தாஸ் குப்தாவின் பெயர் எந்தக் கிருமிக்கும் வாய்க்கவில்லை.) அக்கிருமியின் சேய்வடிவம் சற்றே பெரியது, நெடுநேரம் தாக்குப்பிடிப்பது. எனவே 1975-இல் அமெரிக்காவில் லூயிஸ் மில்லரும் அவருடைய தோழர்களும் ஒரு மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுவதைப் படமெடுத்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கல்கத்தாக் கிருமியைத்தான்.

அதே மில்லர் 1976-இல் இன்னொன்றையும் நிறுவினார். மேற்கு ஆப்பிரிக்க மக்களிடம் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஏறக்குறைய இல்லாதிருந்தது ஒரு நெடுநாள் புதிர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்னும் ஒரு புரதம் இல்லை. வைவாக்ஸ் பற்றிக்கொள்ளும் வாசல் அதுவே. வாசல் இல்லாத வீட்டில் அது எப்படிப் புகும்? பின்னால் 1995-இல் தெரியவந்தது இது: மரபணுவின் முகப்பில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சிவப்பணுவில் மட்டும் அப்புரதம் உருவாகாமல் போகிறது. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழாசிரியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருமியின் எந்தப் பகுதி அந்த வாசலைப் பற்றுகிறது என்பதை மில்லரோடு சேர்ந்து 1994-இல் கண்டறிந்தவர் சேதன் சிட்னிஸ் என்ற இந்தியர். பிறகு தில்லியில் நெடுங்காலம் அதே ஆய்வைத் தொடர்ந்து, 2010-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார்.

இயற்கையும் ஒரே கதவை நம்பியிருப்பதில்லை. மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் புகுந்திருப்பது 2010-இல் வெளியாயிற்று. மற்றொரு வகையான ஃபால்சிபாரத்துக்கு டஃபி தேவையே இல்லை. அதற்கு வேறு வாசல்கள் பல உண்டு. அவற்றுள் தவிர்க்க முடியாததாகத் தோன்றும் ஒன்று, பாசிஜின் என்னும் புரதம், 2011-இல் அடையாளம் காணப்பட்டது.

*

இனி நம் மலைக்கு வருகிறேன்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரின் மறுபுறத்தில்தான் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த வேலையில் காய்ச்சலும் காலராவும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. காய்ச்சல் பருவத்தில் வேலையையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதே தொடரின் வடக்கிலும் தெற்கிலும் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வானம் பார்த்த நிலத்து மக்கள் கங்காணிகளின் முன்பணத்தை நம்பி மலையேறினார்கள். பி. எச். டேனியல் என்ற மருத்துவர் வால்பாறைப் பகுதியில் பணியாற்றிக் கண்டும் கேட்டும் அறிந்ததை ஆங்கிலத்தில் நாவலாக்கி 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 2007-இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. அந்நாவலில் காய்ச்சல் ஒரு பாத்திரமாகவே உலவுகிறது என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் அந்தச் சாவுகளைப் பற்றி எங்கள் ஊர்களில் இன்றும் வழங்கும் வாக்கியம் வேறு. "மலைக்காத்து ஒத்துக்கல." "மலைத்தண்ணி சேரல." "தெடம் இல்லாத ஒடம்பு." இதாலியர்கள் இந்நோய்க்குக் கெட்ட காற்று என்ற பொருளில்தான் மலேரியா என்று பெயர் வைத்தார்கள். ஆகையால் நம் பாட்டிமாரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எனினும் இவ்வாக்கியங்களின் இலக்கணத்தைப் பாருங்கள். மூன்றிலும் குற்றம் இறந்தவரின் உடம்பின்மேல் விழுகிறது. ஒத்துக்கொள்ளாதது அவன் உடம்பு. திடமில்லாததும் அவன் உடம்பே. வென்றவன் வலியன், தோற்றவன் மெலியன் என்ற படையெடுப்பு உருவகம் இதற்குத்தான் முட்டுக்கொடுக்கிறது.

புகுதலின் கதை வேறு தீர்ப்பைத் தருகிறது. சேய்க்கிருமி எவருடைய திடத்தையும் சோதிப்பதில்லை. வாசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. டஃபி வாசல் நம்மவர்களுள் ஏறத்தாழ எல்லாரிடமும் உண்டு, பயில்வானிடமும் உண்டு. இரண்டாவதாக, பலமுறை கிருமியைச் சந்தித்த குருதியில் எதிர்ப்பொருள்கள் சேர்ந்திருக்கும். காய்ச்சல் மண்டிய மலைக்காட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்தவருக்கு அது ஓரளவு கிட்டும். கரிசல் காட்டிலிருந்து புதிதாய் ஏறியவனுக்கு அதைத் தேடிக்கொள்ள ஆண்டுகள் பல வேண்டும். அவனுக்கு அத்தனை ஆண்டுகள் தரப்படவில்லை. மூன்றாவதாக, நீலகிரிப் பழங்குடிகள் சிலரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. அது கிருமி புகுவதைத் தடுப்பதைவிடப் புகுந்தபின் தழைக்கவிடாமல் செய்வது. அதுவும் இலவசமாக வந்ததன்று. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அப்பண்பைப் பெற்ற குழந்தை வாழ்நாளெல்லாம் வலியில் துடிக்கிறது. மலை தன் மக்களுக்குத் தந்த காப்பும் கூலி வாங்கிக்கொண்டுதான் தந்திருக்கிறது.

இவற்றுள் எதையும் மலையேறிய கூலி தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் வேறு சிலர். நீலகிரியில் சின்கோனா மரம் 1860-களிலேயே பயிரிடப்பட்டுவிட்டது. கொயினா அதன் பட்டையிலிருந்து வருவது. 1897-க்குப் பிறகு கொசுவைப் பற்றியும் தெரியும். மருந்து, கொசுவலை, ஓடைகளைக் காட்டைத் திருத்தி வெயிலுக்குத் திறந்துவிட்டபின் அங்கே பெருகும் கொசுவை ஒழிப்பது ஆகியவையெல்லாம் மனிதர்கள் செய்யவும் செய்யாமல் விடவும் கூடிய காரியங்கள். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரு சொல் இத்தனை பேரையும் விடுதலை செய்து அனுப்பிவிடுகிறது. செத்தவனைக் குற்றவாளியாக்கி, கணக்கு வைத்திருந்தவனை விட்டுவிடும் மொழியை நாம் ஏன் இன்னும் பேச வேண்டும்?

*

இரண்டாவது கேடு எதிர்காலத்தைப் பற்றியது. துளைத்தல் என்று சொன்னால் எதிர்த்து நிற்க வழி ஒன்றும் தோன்றாது. துப்பாக்கிக் குண்டை யார் தடுப்பது? புகுதல் என்று சொன்னவுடன் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒட்ட வேண்டும், திரும்ப வேண்டும், வாசலைப் பற்ற வேண்டும், கைப்பிடியை நாட்ட வேண்டும், இழுக்க வேண்டும், மூட வேண்டும். ஒவ்வொரு படியும் குறுக்கே கை நீட்டக்கூடிய இடம்.

இன்று நடக்கும் ஆய்வு அங்கேதான் கை நீட்டுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இலும் 2023-இலும் பரிந்துரைத்த இரண்டு தடுப்பூசிகளும் கிருமி ஈரலை அடையும் முன்னரே மறிப்பவை. இரண்டாவது புனேயில் தயாராகிறது. சிவப்பணுவின் வாசலிலேயே மறிக்கும் ஊசிகள் இப்போதுதான் சோதனையில் உள்ளன. டஃபியைப் பற்றும் கிருமிப் புரதத்தைக் கொண்டு செய்த ஊசி, ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களிடம் வைவாக்ஸ் பெருகும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக 2023-இல் அறிவித்தார்கள். பாசிஜினைப் பற்றும் ஃபால்சிபாரப் புரதத்தை வைத்துச் செய்த மற்றோர் ஊசி, பர்கினா ஃபாசோவின் குழந்தைகளிடம் 55 விழுக்காடு பலனளித்ததாக 2024-இல் செய்தி வந்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் ஆண்டுக்குச் சுமார் ஆறு லட்சம் பேரை, அதிலும் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொல்லும் நோயில், பாதி என்பது சிறிய சொல் அன்று.

1934-35-இல் இலங்கையில் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட நோய் இது. அதே இலங்கை 2016-இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றது. இந்தியா 2030-ஐ இலக்காக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சியதில் மிகுதி வைவாக்ஸ். அது ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழக்கூடியது. காய்ச்சல் விட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதே என்று ஒருவரிடம் சொல்லி நம்பவைக்க வேண்டுமானால், உள்ளே நடப்பதை அவர் மொழியில் ஒரு கதையாகவேனும் சொல்லத் தெரிய வேண்டும். ஆணையிட்டால் கேட்காதவர் கதை சொன்னால் கேட்பார்.

என் கோரிக்கை எளியது. தமிழில் கலைச்சொல் அகராதிகள் பல வந்துவிட்டன. அவற்றுள் குவிந்து கிடப்பவை பெயர்ச்சொற்கள். அறிவியலோ பெரிதும் வினைகளால் ஆனது. எது எதைப் பற்றுகிறது, எது குழிகிறது, எது நகர்கிறது, எது மூடுகிறது என்பதே அதன் உயிர். பெயர்களை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டாலும் குடிமுழுகிப் போகாது. வினை பிழைத்தால் பொருளே பிழைத்துவிடும். இந்த வினைகளுக்கு ஏற்ற சொற்கள் நம்மிடம் ஏராளம். நெசவிலும் உழவிலும் சமையலிலும் ஆயிரமாண்டுகளாகப் புழங்கி வருபவை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். குருதியைத் துடைக்கத் துணி கொடுக்கும் சீமை, குருதிக்குள் நடப்பதைச் சொல்லச் சொல் கொடுக்க முடியாதா?

ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழ்த்துறைக்கும் விலங்கியல் துறைக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வாரம்தான். இரு துறை ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, ஓர் உயிர்நிகழ்வைப் பத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். எழுதியதைப் பின்வரிசை மாணவியிடம் முதலில் படிக்கக் கொடுக்க வேண்டும். அவள் "உடைஞ்சிறாதா ஐயா?" என்று கேட்டால் திருத்தி எழுத வேண்டும்.